நாலு படியும் ஒரு சட்டப் பிரிவும்

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளைச் சேவிக்க அத்திகிரி மேல 24 படி ஏறணும். கைலாசநாதர் கோவில்ல கருவறையைச் சுற்றி வர, குறுகலான வழியில் தவழ்ந்து நுழையணும். பழங்காலத்தில் கட்டியதை இடிக்க முடியாது, சரி. ஆனால் நேற்று கட்டின கடைக்கும் வங்கிக்கும் ஏன் நாலு படி? இந்தக் கேள்விக்கு முப்பது வருஷ வரலாறு இருக்கு.

1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம், தகுந்த கழிப்பறை, லிஃப்டில் பிரெய்ல் குறியீடு எல்லாம் சொல்லப்பட்டிருந்தது. கூடவே, அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டுச் செய்தால் போதும் என்றும் ஒரு வரி. பணமில்லை என்று கைவிரிக்க அந்த ஒரு வரி போதாதா?

2001 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லி வந்தார். ஜாவேத் அபிதி போன்ற உரிமைச் செயல்பாட்டாளர்கள் விடாமல் வற்புறுத்த, குதுப்மினார் உட்பட சில சின்னங்களில் தொல்லியல் துறை மரச் சாய்தளம் போட்டது. புராதனச் சின்னத்தில் எதுவும் செய்ய முடியாது என்கிற வாதம் அன்றைக்கே ஆட்டம் கண்டது.

2005-ல் பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரத்தூரி உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே 2016-ல் புதுச் சட்டம் வந்தது. கட்டட அணுகலுக்குப் பொருளாதாரத் திறன் என்ற அந்தச் சாக்கு அதில் இல்லை. ஆனால் 2017-ல் வந்த விதிகள், வெறும் பரிந்துரையாக எழுதப்பட்ட வழிகாட்டுதல்களையே தரநிலையாகக் காட்டின. ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளர் ஆய்வு மையம் கள நிலவரத்தைத் திரட்டி நீதிமன்றத்தில் அறிக்கை வைத்தது. 2024 நவம்பர் 8-ல் தீர்ப்பு: விதி 15(1) சட்டத்துக்கு முரணானது, விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களை, சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளாக்க வேண்டும்.

ஆக, இந்த அமைப்புகள் சாதித்தது வெறும் சாய்தளம் இல்லை. 'செய்யலாம்' என்பதை 'செய்தே ஆகணும்' என்று மாற்ற வைத்தது.

காஞ்சிக்கு இதில் என்ன? 2016 சட்டத்தின் 44-ஆம் பிரிவுப்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக்கூடாது. நாலு படின்னா சுமார் இரண்டு அடி உயரம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் 24 அடிச் சாய்தளம் வேணும். கட்டி முடித்த பிறகு, நெருக்கமான நம்ம தெருவில் அதுக்கு இடம் எங்கே? மாநகராட்சி மேசையில் வரைபடம் இருக்கும்போதே போய்க் கேட்டாகணும்.