படத்தில் விலங்கு, படத்தின் கீழே பெயர்



நம்மில் பலருடைய வீடுகளில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் மறைசாட்சி தேவசகாயத்தின் படமும் இருக்கிறது. கைகளில் விலங்கு; முழந்தாள்படியிட்டுச் செபிக்கும் கோலம். புகைப்படக் கருவி வருவதற்கு முன் வாழ்ந்து மறைந்தவர் அவர். ஆகவே, நம் முன்னோர் அவரை எப்படி நினைவில் வைத்துக்கொண்டார்களோ, அந்த நினைவையே நாம் படமாகப் பார்க்கிறோம்.

அந்த நினைவு, ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட 1752 சனவரி 14 அன்று நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய வாழ்வையும் நாம் அறிய வேண்டும். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலராக இருந்தவர். டச்சுத் தளபதி டிலனாயின் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அதன்பின் சாதி பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகினார். இது பலருக்குப் பொறுக்கவில்லை. 1749இல் கைதானார், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் துன்புறுத்தப்பட்டார். படத்தில் விலங்கைப் பார்க்கிறோம். அந்த விலங்கு அவர் கையில் ஏறியதற்கு இந்தச் சமத்துவமும் ஒரு காரணம் என்பதைப் படம் சொல்வதில்லை.

படத்தின் கீழே நாம் என்ன எழுதினோம்? 'தேவசகாயம் பிள்ளை' என்று எழுதினோம். 2012இல் அருளாளராக உயர்த்தப்பட்டபோதும் அந்தப் பெயரே வழங்கியது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோதுதான் சாதிப் பெயர் இன்றி அவர் பெயர் ஒலித்தது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து வைக்கும் கோவிலைக் கட்டினோம். பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. மறைசாட்சியைப் போற்றிக்கொண்டே அவர் வெறுத்ததை நாம் காத்து வந்திருக்கிறோம்.

அன்புக்குரியவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் படத்தின் முன் சற்று நிற்போம். நம் பிள்ளைகளின் திருமண அழைப்பிதழில் பெயரோடு எதைச் சேர்க்கிறோம்? அன்பியக் கூட்டம் முடிந்ததும் யார் வீட்டில் தேநீர் குடிக்கத் தயங்குகிறோம்? மாலை போடுவதற்கு முன் இவற்றுக்குப் பதில் தேடுவோம். பிள்ளைகள் படத்தைக் காட்டிக் கேட்டால், அவர் எப்படி இறந்தார் என்பதோடு, யாரோடெல்லாம் சமமாகப் பழகினார் என்பதையும் சொல்லிக் கொடுப்போம்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.