படத்தின்மேற் படம்

நிலத்தின் பரப்பை அளக்குங் கலை பழையது. இரு நிலப்பிரிவுகள் ஒன்றையொன்று எவ்வளவு கவிகின்றன எனக் கணிக்குங் கலையோ அண்மையில் முதிர்ந்தது. பல்கோணியின் மூலைகளுக்குரிய ஆள்கூறுகளைக் குறுக்கே பெருக்கிப் பரப்பைப் பெறும் முறையை ஜேர்மன் அறிஞர் மைஸ்ரர் 1769 இல் எடுத்துரைத்தார். 1854 இல் சுவிற்சர்லாந்தினரான அம்ஸ்லர் அமைத்த பரப்புமானி, எல்லைக்கோட்டின் வழியே முனையை ஓட்டிய அளவிலேயே பரப்பைக் காட்டிற்று. ஆயினும் மண்வகைப் படத்தையும் பயிர்நிலப் படத்தையும் ஒருங்கே நோக்குவோர், ஒளிபுகு தாளில் இரண்டையும் ஒன்றன்மேலொன்றாக வரைந்து, பிறக்குந் துண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டியிருந்தது.

1961 இல் கனடாவில் வேளாண்மைப் புனரமைப்புச் சட்டமொன்று நிறைவேறியது. விளைவு குன்றிய நிலங்களை வேறு பயன்களுக்குத் திருப்புதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அதன்வழி எழுந்த நிலக் கணக்கெடுப்பு ஏறக்குறையப் பத்து இலட்சம் சதுர மைலைத் தழுவியது. இத்துணைப் படங்களைக் கையால் அடுக்கி அளத்தல் ஆகாத காரியம். ஒற்றாவாவில் வான்படப்பிடிப்பு நிறுவனமொன்றிற் பணியாற்றிய புவியியலாளர் றோஜர் ரொம்லின்சன், கென்யாவில் மரத்தோட்டத்துக்கு இடந்தேடிய வேளையில் இத்தொல்லையை முன்னரே கண்டிருந்தார். 1962 இல் அவரும் அக்கணக்கெடுப்பின் அதிகாரியொருவரும் விமானத்தில் தற்செயலாக அடுத்தடுத்து அமர்ந்தனர். அவ்வுரையாடலிலிருந்து வளர்ந்ததே கனடாப் புவியியற் றகவற்றொகுதி. நிலத்தில் அண்மையிலுள்ளவை காந்தநாடாவிலும் அண்மையிலிருக்குமாறு சதுரங்களை நிரைப்படுத்தும் முறையை 1966 இல் மோட்டன் என்பார் வகுத்தார்.

பொறி கிடைத்ததும் புதிய இடர் தோன்றிற்று. ஒரே ஆற்றங்கரையை இருவர் வரைந்தால் கோடுகள் மயிரிழை விலகும். அவற்றை அடுக்கியவிடத்து நிலத்தில் இல்லாத சிராய்த் துண்டுகள் எண்ணற்றுப் பிறக்கும். குறித்த அளவிற் சிறியவற்றைக் கழித்துவிடலாம் என்பர்; ஆனால் ஓர் உழவனின் ஒடுங்கிய வயலும் அவற்றோடு கழிந்துபோதல் கூடும். விகிதங் கூறுவதிலும் கவனம் வேண்டும். 40 ஏக்கர்ப் பண்ணையொன்றில் 10 ஏக்கர், 200 ஏக்கர் வளமற்ற மண்பகுதிக்குள் வீழ்ந்ததெனக் கொள்க. பண்ணைக்கு அது 25 வீதம். மண்பகுதிக்கோ 5 வீதமே. எதனால் வகுத்தார் என்று கூறாத அறிக்கை பண்ணைக்காரனுக்குத் தீங்கே செய்யும்.

இன்று இக்கணிப்பை மாணவரும் சில வரிகளிற் செய்கின்றனர். நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் இகாக்கா, ஜென்ரில்மன் ஆகியோர் தொடக்கிய ‘ஆர்’ என்னும் கணினிமொழி அதற்கு உதவுகிறது. 2016 இல் பெபெஸ்மா அதற்கென வெளியிட்ட ‘எஸ்.எவ்.’ என்னும் செய்நிரற்றொகுதி இரு பல்கோணிகளின் இடைவெட்டை ஆக்கி அதன் பரப்பையுந் தரும். அது பயன்கொள்ளும் ‘ஜியோஸ்’ நூலகம், கனடாவின் மாட்டின் டேவிஸ் ஆக்கிய செய்நிரலொன்றின் வழிவந்தது என்பது நினைக்கத்தக்கது. நெட்டாங்கு, அகலாங்குகளைத் தட்டைத்தாளின் ஆள்கூறுகளெனக் கொள்வோர் மட்டும் ஏமாறுவர். 60 பாகை அகலாங்கில் நெட்டாங்குப் பாகையொன்றின் நீளம் மத்தியகோட்டில் உள்ளதன் அரைப்பங்கே. 2021 இல் வந்த பதிப்பு முதலாக இத்தொகுதி அத்தகைய ஆள்கூறுகளைக் கோளத்தின் மீதே வைத்துக் கணிக்கின்றது.