நாக்குச் சொடுக்கு

பரிதாபமான செய்தி காதில் விழுந்தால் நம் வீட்டுப் பெண்கள் 'த்சு த்சு' என்று சூள் கொட்டுவார்கள். மாட்டை முடுக்க வண்டிக்காரன் நாக்கின் ஓரத்தால் ஒரு சத்தம் எழுப்புவான். இவற்றை நாம் பேச்சில் சேர்ப்பதில்லை. இவற்றுக்கு எழுத்தும் கிடையாது. ஆனால் ஆப்பிரிக்காவில், ஒக்கவாங்கோ சதுப்பு நிலத்தில் வாழும் யேயி மக்களின் பாஷையில் இவை நம்முடைய ககர சகரங்களைப் போல அசல் மெய்யொலிகள்.

ஒலி பிறக்கும் விதம் வேடிக்கையானது. நாக்கின் பின்புறம் அண்ணத்தை அடைத்துக்கொள்கிறது. முன்புறம் பல்லிலோ ஈறிலோ ஒட்டிக்கொள்கிறது. நடுவில் நாக்குச் சற்றுத் தாழ, சிக்கிய காற்று நெகிழ்கிறது. முன்புறம் விடுபட்டதும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து 'சொடக்' என்கிறது. பல், ஈறு, அண்ணம், நாக்கின் பக்கம் என்று நான்கு இடங்களில் யேயிக்காரர்கள் சொடுக்குவார்கள். அவற்றோடு மூக்கொலியும் மூச்சும் சேரும்போது கணக்கு இன்னும் பெருகும்.

என்னைக் கவர்ந்தது இதிலுள்ள சரித்திரம். யேயி, பான்டு இனத்து மொழி. காமரூன், நைஜீரிய எல்லைப்பக்கம் நாலாயிரம், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அந்தக் குடும்பத்தின் தாய்மொழியில் சொடுக்கே கிடையாது என்கிறார்கள் அறிஞர்கள். சொடுக்கு, தென்னாப்பிரிக்காவின் பழங்குடி வேடர்களின் சொத்து. படகோட்டிகளான யேயிகள் தெற்கே வந்து அவர்களோடு கலந்தபோது அதைப் பெற்றார்கள். சந்தையில் பழகினால் வார்த்தை வரும், ஒலி வராது. அது நாக்கில் படியவேண்டுமானால் தாய் மடியிலேயே கேட்டிருக்கவேண்டும். எத்தனை கலப்பு மணங்கள், எத்தனை தாலாட்டுகள் அந்தச் சொடுக்குக்குப் பின்னால் இருக்கின்றனவோ!

1849-ல் லிவிங்ஸ்டன் ங்காமி ஏரிக்குப் போனார். உடன் சென்ற ஆஸ்வெல், நம் சென்னை ராஜதானியில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். வழியில் கண்ட ஓடக்காரர்களை மற்றவர்கள் 'பகோபா' என்று இளக்காரமாக அழைத்தார்கள். அவர்களோ தங்களைப் 'பயேயி' என்றே சொல்லிக்கொண்டார்கள். அதற்குள் தவானா என்ற ட்ஸ்வானாக் கூட்டத்தார் அங்கே எஜமானர்களாகியிருந்தார்கள். யேயிகள் அவர்களுக்கு ஊழியம் செய்தார்கள். எஜமானின் பாஷை மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் புகுந்தது.

1995-ல் யேயிகள் தங்கள் மொழிக்காகச் சங்கம் அமைத்தார்கள். 2001-ல் பாட்ஸ்வானா உயர்நீதி மன்றம், தலைமைப் பதவிச் சட்டம் அவர்களுக்குப் பாரபட்சம் காட்டுகிறது என்று தீர்ப்பளித்தது. 2003-ல் வெளிவந்த ஓர் ஒலியியல் ஆய்வோ, ஆளுக்கு ஆள் சொடுக்கு மாறுவதையும், சிலரிடம் தேய்ந்து வருவதையும் காட்டியது.

நீதிமன்றம் ஒரு ஜனத்துக்கு நாற்காலி கொடுக்கலாம். நாக்குச் சொடுக்கைப் பாட்டிதான் பேரனுக்குக் கொடுக்கவேண்டும்.