அரண்மனைக்குள் ஒரு நகரம்

குரோஷியா தேசத்தின் ஸ்பிளிட் நகரில், ரோமாபுரிச் சக்கரவர்த்தி டயோக்ளீஷியன் கி.பி. 305-ல் தாமாகவே முடிதுறந்து வந்து வசித்த கடலோர அரண்மனையைக் காணப் போகிறவர், சிதிலங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை; ஏழாம் நூற்றாண்டில் அண்டை நகரமான சலோனா அழிந்தபோது, தப்பிய ஜனங்கள் இவ்வரண்மனையின் மதில்களுக்குள் அடைக்கலம் புகுந்ததால், அரண்மனையே ஊராகிவிட்டது. இன்றும் அதன் சாளரங்களில் துணிகள் உலர்கின்றன. தூண்கள் சூழ்ந்த முற்றத்துப் படிகளில் மக்கள் காபி அருந்திக்கொண்டிருக்க, எகிப்திலிருந்து கொணர்ந்த கருங்கல் ஸ்பிங்க்ஸ் அருகே படுத்திருக்கிறது. கிறிஸ்தவர்களை வதைத்த அச்சக்கரவர்த்தியின் எண்கோணச் சமாதி, அவர் காலத்தில் கொல்லப்பட்ட டோம்னியஸ் என்ற பிஷப்பின் பெயரால் தேவாலயமாயிற்று. எனக்கோ எல்லாவற்றினும் அதிசயம் நிலவறைகளே: குடிகள் நூற்றாண்டுக் கணக்கில் கொட்டிய குப்பையே அவற்றைக் காத்தது, மறைந்துபோன மேல்மாளிகையின் அமைப்பை அவ்வறைகளைக் கொண்டே இன்று அறிகிறோம்.