சிற்றலையும் விரல்நுனியும்

வானொலி காதுக்கென்று பிறந்த கருவி. ஆயினும் அதன் முகப்பு கண்ணுக்கென்றே வடிக்கப்பட்டது. எண்கள் அச்சிட்ட கண்ணாடி, அதன் பின்னே நகரும் முள், பின்னாளில் ஒளிரும் இலக்கங்கள் என யாவும் பார்வையுள்ளவரை எண்ணிச் செய்தவை. கேட்பதில் பார்வையற்றவரும் பிறரும் சமம். தேடுவதில் அப்படி இல்லை. பார்வையற்ற சிற்றலை நேயர்களின் வரலாற்றை, இந்த இரண்டாவது சமத்துவத்திற்கான நெடும் முயற்சி என்றே நாம் வாசிக்க வேண்டும்.

சிற்றலையின் இயல்பே தேடலை வேண்டுவது. அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கண்டங்களைத் தாண்டும் இவ்வலைக்குப் பகலில் ஓர் அலைவரிசை, இரவில் வேறொன்று. பருவம் மாறினால் மறுபடியும் மாற்றம். 31 மீட்டர் பட்டையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் தோளோடு தோள் உரசி நிற்கும். தமிழோசைக்காக முள்ளை மயிரிழை அளவு நகர்த்திய தலைமுறைக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

பழைய வானொலிகளில் பார்வையற்ற நேயர்கள் தமக்கென வழி கண்டனர். முகப்பில் புடைப்புப் புள்ளிகளை ஒட்டினர், அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. போன்ற நேரக்குறி நிலையங்களை 5000, 10000 கிலோஹெர்ட்ஸில் எல்லைக்கற்களாகக் கொண்டு, அங்கிருந்து விரலால் அளந்து சென்றனர். நியூயார்க்கில் பார்வையற்றோர் பள்ளியில் பயிற்றுவித்த ராபர்ட் கண்டர்சன் தாமும் பார்வையற்றவர், அமெச்சூர் வானொலியாளர். 1950களில் அவர் நடத்திய 'பிரெய்ல் டெக்னிக்கல் பிரஸ்' இதழ், மின்சுற்றுப் படங்களைச் சொற்களாக்கித் தந்தது. அளவுமானியின் முள் காட்டுவதை ஒலியாக மாற்றிக் காதால் அறியும் முறைகளையும் அவர் வகுத்தார். கண்ணுக்கானதைக் காதுக்கு மொழிபெயர்க்கும் பணி அது.

இலக்கமுறைக் கருவிகள் வந்தபோது ஒரு கதவு திறந்தது, மற்றொன்று மூடியது. 1980இல் வந்த சோனி ஐ.சி.எஃப்-2001 போன்ற வானொலிகளில் அலைவரிசை எண்ணை விசைகளால் நேரே அழுத்த முடிந்தது. ஆனால் முடிவின்றிச் சுழலும் திருகுகள், கை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல மறுத்தன. விடை ஒளிரும் சில்லில் மட்டுமே இருந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் கென்வுட் ஆர்-5000 வானொலியில் வி.எஸ்-1 என்னும் பேச்சுப் பலகையைப் பொருத்திக்கொள்ள வழி இருந்தது. பொத்தானை அழுத்தினால் கருவியே எண்ணை உச்சரிக்கும். எனினும் அதைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டும்.

அடுத்து வந்தது கணினி. விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர் தொடங்கிய நிறுவனம் 1989இல் 'ஜாஸ்' திரைவாசிப்பானை வெளியிட்டது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய 'என்.வி.டி.ஏ.' அவ்வசதியை விலையின்றியே அளித்தது, அவரும் பார்வையற்றவர். 1947 முதல் அச்சில் வந்த உலக வானொலிக் கையேட்டைப் பிறர் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. கணினியிலோ ஐபி போன்ற அலைவரிசைப் பட்டியல்கள் வெறும் எழுத்துக்கோப்புகளாகக் கிடைத்தன. அவற்றைத் திரைவாசிப்பான் வரிவரியாகப் படித்தது.

இங்கும் பழைய பிழை திரும்பியது. 1990களில் கணினியால் இயங்கும் வானொலிகள் வந்தபோது, அவற்றின் மென்பொருள்கள் திரையில் திருகையும் முள்ளையும் ஓவியமாக வரைந்தன. ஓவியத்தைத் திரைவாசிப்பானால் படிக்க இயலாது. உள்ளே ஓர் எண்ணாக இருந்த அலைவரிசை, படமாக மாறியதனாலேயே மறைந்து போனது. தடையாக நின்றது தொழில்நுட்பம் அன்று, வடிவமைத்தவரின் கற்பனை.

நெதர்லாந்தின் துவெண்டே பல்கலைக்கழகத்தில் பீட்டர்-டியெர்க் டி போயர் உருவாக்கி, 2008இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த வெப்எஸ்டிஆர் இதற்கு ஒரு மாற்று. தொலைவிலுள்ள வானொலியைப் பலர் ஒரே நேரத்தில் இணையம் வழியாகத் தத்தம் விருப்பப்படி இயக்கலாம். அலைகளை அருவிபோல் வண்ணத்தில் காட்டும் படம் அதன் சிறப்பு. ஆயினும் அலைவரிசையை எழுத்தாகத் தட்டச்சு செய்யவும், விசைப்பலகையால் நகர்த்தவும், படத்தை முற்றிலும் நிறுத்தவும் அதில் இடமுண்டு. படமில்லாத அத்தெரிவுக்கு வைத்த பெயரே 'பார்வையற்ற' என்பதுதான். சொந்த ஆண்டெனா இல்லாதவரும், மின்னிரைச்சல் மிகுந்த நகரக் குடியிருப்பில் வாழ்பவரும் இதனால் நேயராயினர்.

வாசல் விரியத் திறந்த காலத்திலேயே உள்ளே விளக்குகள் அணையத் தொடங்கியிருந்ததுதான் துயரம். பி.பி.சி. 2001இல் வட அமெரிக்காவுக்கான சிற்றலையை நிறுத்தியது. கனடாவின் பன்னாட்டு வானொலி 2012இல் சிற்றலையைக் கைவிட்டது. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழ் வானொலிச் சேவை 2017இல் ஓய்ந்தது. தேடும் உரிமை கைக்கு வந்தபோது, தேடத்தக்க குரல்கள் குறைந்துவிட்டன.

எனினும் சிற்றலை முற்றிலும் அடங்கிவிடவில்லை. அமெச்சூர்களின் குரல்களும் ஓயவில்லை. புதிதாகக் கருவி செய்வோர்க்கு இவ்வரலாறு சொல்வது எளிய செய்தியே. படம் எவ்வளவு அழகாகவும் இருக்கட்டும். அதன் பின்னே எண்ணை எழுத்தாக விட்டுவையுங்கள். மீதியைக் காது பார்த்துக்கொள்ளும்.