கடனில் நடந்த படையெடுப்பு: அலோன்சோ ஃபெர்னாந்தெஸ் தெ லூகோவும் கேனரித் தீவுகளும்

கேனரித் தீவுகளில் கடைசியாக வீழ்ந்தவை லா பால்மாவும் தெனரிஃபும். காஸ்தில் அரசுக்காக இரண்டையும் பிடித்தவர் அலோன்சோ ஃபெர்னாந்தெஸ் தெ லூகோ. அவரைப் பெருந்தளபதி என்று புகழ்ந்தவர்கள் உண்டு. அந்தப் போரே அநீதியானது என்று 1594லேயே எழுதிய தொமினிக்கத் துறவி அலோன்சோ தெ எஸ்பினோசாவும் உண்டு. புகழ்ந்தவர்களானாலும் பழித்தவர்களானாலும் ஆளின் குணத்தையே எடைபோட்டார்கள். வரவுசெலவைப் புரட்டியவர்கள் குறைவு. லூகோவின் போர்களுக்கு வேகத்தையும் வடிவத்தையும் கொடுத்தது கடன் என்பதே என் வாதம்.

கிரான் கனாரியாத் தீவைப் பிடிக்கும் போரை 1483இல் முடித்தது அரசுப் பணம். அதில் பணியாற்றிய லூகோவுக்கு அகாயேத்தேயில் நிலமும் கரும்பாலையும் கிடைத்தன. லா பால்மாவில் ஏற்பாடே வேறு: செலவு அவருடையது, கூட்டாளி வணிகர்களுடையது, ஓராண்டுக்குள் தீவு அடங்கினால் அரசு 7,00,000 மரவேதி நாணயங்கள் தரும். 1492 செப்டம்பரில் இறங்கியவருக்கு, தபுரியெந்தே மலைக்கிண்ணத்தில் தனௌசு என்ற தலைவர் மட்டும் கடைசிவரை பணியவில்லை. கெடு நெருங்கிய நிலையில் சமாதானம் பேச அழைத்து, வழியில் மறித்துப் பிடித்தார்கள். ஸ்பெயினுக்குக் கொண்டுபோகும் கப்பலில் தனௌசு உண்ண மறுத்து உயிர்விட்டதாக மரபு சொல்கிறது. அடுத்தது தெனரிஃப். ஆலையை விற்றுப் படை திரட்டி 1494 மே மாதம் இறங்கினார். அம்மாத முடிவிலேயே அசென்தேஹோ பள்ளத்தாக்கில் தௌரோ பிரிவின் மென்சே (அரசர்) பென்கோமோவின் ஆட்கள் அந்தப் படையைப் பெரும்பாலும் அழித்தார்கள். முகத்தில் கல்லடி பட்டுத் தப்பிய லூகோ, ஜெனோவா வணிகர்களின் புதுப் பணத்தோடும் மெதினா சிதோனியா கோமகன் அனுப்பிய வீரர்களோடும் திரும்பினார். கொள்ளையில் பங்கு என்பதே வணிகர்களோடு செய்த உடன்படிக்கை. இங்கே கொள்ளை என்றால் கால்நடையும் மனிதர்களும்தான்.

கடனே இந்தப் போர்களை நடத்தியது என்பதற்கு வலுவான சான்று போர்க்களத்தில் இல்லை. தெனரிஃபின் பூர்வகுடிகளான குவாஞ்சேக்களில் அனாகா, கூயிமார், அபோனா, அதேஹே ஆகிய நான்கு பிரிவுகள் தொடக்கத்திலேயே சமாதானம் செய்துகொண்டவை. மதமோ மண்ணோ மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் அவர்களைத் தொட வேண்டிய தேவையில்லை. அவர்களில் பலரும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அரசவை அவர்களை விடுவிக்க ஆணையிட்டதே, பழியை அரசின்மேல் எப்படிப் போடுவது என்று கேட்கலாம். ஆணைகள் உண்மை, லா பால்மாவின் பிரான்சிஸ்கா தெ காஸ்மிரா என்ற பூர்வகுடிப் பெண் அரசவைவரை முறையிட்டதும் உண்மை. ஆனால் அதே அரசு லூகோவை ஆளுநராக வைத்திருந்தது, நிலத்தையும் நீரையும் பங்கிடும் அதிகாரம் தந்தது, 1503இல் அதெலந்தாதோ (எல்லைப்புற ஆளுநர்) பட்டமும் சூட்டியது. 1506இல் ஓர்திஸ் தெ சாராத்தே நடத்திய விசாரணை நிலப்பங்கீட்டை ஆராய்ந்தது. ஆளுநரின் பதவி பறிபோகவில்லை. கடன் கொடுத்த மத்தேயோ வின்யா போன்றோர் கரும்பு நிலம் பெற்றார்கள்.

குவாஞ்சேக்களை வீழ்த்தியது ‘மொதோர்ரா’ என்ற கொள்ளைநோயே என்பது இன்னொரு மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. 1495 இறுதியில் இரண்டாம் அசென்தேஹோ போரில் காஸ்தில் வென்றதற்கு நோயும் காரணம். ஆனால் அவர்கள் தோற்றதற்கு அது காரணமாகலாம். தோற்ற பின் சந்தையில் நிறுத்தப்பட்டதற்கு நோய் காரணமாகாது.

லூகோ 1525இல், தாம் நிறுவிய லா லகூனாவில் இறந்தார். பட்டத்தோடு தொழில்முறையும் மகன் பேத்ரோவுக்குப் போனது. அவர் 1535இல் அரசோடு ஒப்பந்தம் செய்து, தெனரிஃபிலிருந்து இன்றைய கொலம்பியாவின் சாந்தா மார்த்தாவுக்குக் கப்பலேறினார். அங்கிருந்து அவர் அனுப்பிய ஹிமேனெஸ் தெ கெசாதாவின் படைதான் உள்நாட்டில் முயிஸ்கா மக்களின் நாட்டைப் பிடித்தது.