வித்தும் நிலமும்

புற்றுநோயாளர் பலரின் உயிரைக் கவர்வது முதலில் தோன்றிய கட்டியன்று. அதிலிருந்து பிரிந்து, இரத்தத்தின் வழியே சென்று, வேறோர் உறுப்பிற் குடியேறும் கலங்களே. அவை ஓரிடத்தில் தங்குவது எதனால்?

1889ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்ரீபன் பாஜெற், மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பேரைப் பற்றிய குறிப்புகளை ஆராய்ந்தார். 241 பேரின் ஈரலில் நோய் பரவியிருந்தது. மண்ணீரலிலோ 17 பேருக்கு மாத்திரமே. இரண்டிற்கும் இரத்தம் குறைவின்றிச் செல்கிறதே! வித்து எத்திசையிலும் சிதறலாம், ஏற்ற நிலத்திலேதான் முளைக்கும் என்றார் அவர். வயலை அறிந்த நேயர்களுக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

வித்து நிலத்தைப் பற்றும் வேரை அறிய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. கலங்கள் தம்மைச் சூழ்ந்துள்ள பைப்ரோனெக்ரின் என்னும் பெரும் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. அது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்னும் மூன்றின் வரிசையே பிடிப்புக்கு இன்றியமையாதது என்பதை 1984இல் கலிபோர்னியாவில் பியர்ஷ்பாக்கரும் ருவோஸ்லாட்டியும் கண்டறிந்தனர்.

அவ்வரிசையைப் போலியாகச் செய்து கலத்தின் கையிற் கொடுத்துவிட்டால், அது நிலத்தைப் பற்றுமா? 1986இல் ஹம்ப்ரீஸ், ஓல்டன், யமதா ஆகியோர் அமெரிக்காவில் இதனைச் சோதித்தனர். ஐந்து அமினோ அமிலங்களாலான செயற்கைப் பெப்தைட்டு ஒன்றை, மெலனோமா என்னும் புற்றுநோய்க் கலங்களோடு சேர்த்துச் சுண்டெலிகளுக்கு ஊசிமூலம் ஏற்றினர். நுரையீரலிற் கட்டிகள் பெரிதும் குறைந்தன. பெப்தைட்டு கலங்களைக் கொல்லவில்லை. பற்றுக்கோட்டை மட்டுமே பறித்தது. அமிலங்களின் வரிசையை மாற்றியபோது பயன் அநேகமாக இல்லாது போயிற்று. சொல்லின் எழுத்துக்களை இடம் மாற்றினாற் பொருள் கெடுவது போன்றதே இது.

இச்செய்தி பெரும் நம்பிக்கையை எழுப்பியதில் வியப்பில்லை. ஆனால் அச்சோதனையிற் கலமும் மருந்தும் ஒன்றாகவே உடலிற் புகுந்தன. நோயாளர் வைத்தியரை நாடி வரும் வேளையிலோ, வித்து முன்னரே விழுந்திருத்தல் கூடும். அன்றியும் இத்தகைய சிறு பெப்தைட்டுகள் இரத்தத்தில் நெடுநேரம் நிலைப்பதில்லை. ஜேர்மனியில் கெஸ்லர் என்னும் இரசாயன அறிஞரின் குழுவினர் சங்கிலியை வளையமாக்கி, சிலெங்கிரைட் என்ற உறுதியான மருந்தை ஆக்கினர். மூளைக்குள்ளேயே ஊடுருவிப் படரும் கிளையோபிளாஸ்ரோமா நோயுற்ற 545 பேர் சேர்ந்த சோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு அம்மருந்தையும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நெடுநாள் வாழவில்லை.

விந்தை யாதெனில், இதே வகைப் பிடிப்பைத் தடுக்கும் வேறொரு செயற்கைப் பெப்தைட்டு இருதய வைத்தியத்தில் இடம்பெற்றுவிட்டது. பாம்பின் விடத்திலுள்ள புரதமொன்றைப் பின்பற்றி ஆக்கப்பட்ட எப்ரிபிபரைட் என்னும் அம்மருந்துக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது தடுப்பது புற்றுநோய்க் கலங்களையன்று. இரத்தத்தின் சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாளத்தை அடைப்பதையே.